அவைக்குறிப்பில் ஏறிய ஒரு வரி

புதுதில்லி
2.3.1983

அன்புள்ள மனோ,

நான் அனுப்பிய அவைக்குறிப்புப் புத்தகம் வந்து சேர்ந்ததா? நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் பார். கலங்கரை விளக்கங்கள் பற்றிய விவாதத்தில் நான் பேசியது அங்கே இருக்கிறது. நம் ஊர் விளக்கைப் பற்றி ஒரு நிமிடம், கடலுக்குப் போனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எட்டாததைப் பற்றி மூன்று நிமிடம், எனக்கு நேரம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டதில் ஒரு நிமிடம். அதற்குள் துணைத்தலைவர் மணியடித்துவிட்டார்.

பொன்னேரிக் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தவளைக் கட்சி ராஜ்ய சபாவுக்கு அனுப்பி வருகிற ஏப்ரலோடு மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை பதினேழு முறை பேசியிருக்கிறேன். சர்க்கரை, சணல், தபால் கட்டணம், கைத்தறி நூல். பேசி முடித்தால் பக்கத்து இருக்கைக்காரர்கள் மேசையைத் தட்டுவார்கள். திட்டிக்கொண்டவர்கள்கூட ஒன்றாகப் போய் டீ குடிப்போம். சிரிக்காதே, எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. ஒரு விஷயத்தை ஆறு பேர் ஆறு பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வதைக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஏரியைப் பற்றி இன்னும் உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. துறையிலிருந்து வரும் குறிப்பில் 'பழவேற்காடு: உவர்நீர் ஏரி, இரு மாநிலங்களில் பரவியுள்ளது' என்று ஒரு வரிதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன பேச? நீதான் எழுத வேண்டும். நீ மீன்காரப் பெண்கள் சங்கத்தின் செயலாளர், தினமும் அந்தத் தண்ணீரைப் பார்க்கிறவள். எட்டாம் வகுப்புவரை என் நோட்டைப் பார்த்து நீ கணக்குப் போட்டாய். இனி உன் கடிதத்தைப் பார்த்து நான் பேசுகிறேன்.

வீட்டில் திருவேங்கடம் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்
மஸூதா


நடுமேட்டுக்குப்பம்
11.3.1983

அன்பு மஸூதா,

நீ கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. என் வீட்டுக்காரரையும் இன்னும் நாலு பேரையும் எல்லைக்கு அந்தப் பக்கம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றோடு மூன்று நாள். இரண்டு படகும் வலைகளும் அவர்களிடம்தான்.

புதன்கிழமை காலை இருக்கம் தீவுக்குத் தெற்கே இவர்கள் வலை போட்டுக்கொண்டிருந்தபோது தெலுங்கு ஊர்க்காரர்கள் பத்துப் படகில் வந்து வளைத்துக்கொண்டார்கள். அடிக்கவில்லை. கரைக்குக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். எளாவூர் செக்போஸ்ட் வழியாக பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாப்பாடு போடுகிறார்கள். அவர் என்னைப் பார்த்ததும், "நீ இன்னாத்துக்கு வந்தே, எறா ஏலம் யார் பாக்கறது?" என்று கோபித்துக்கொண்டார். அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறார்.

ஊரில் எல்லோரும் சொல்வது, சும்மா இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது. கலெக்டருக்குக் கொடுத்த மனுவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். உனக்கு நான் அப்படி எழுதமாட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது இடுப்புக் கத்தியில் நைலான் நூல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"அவங்க சுத்துவலைய அறுத்துட்டோம். நம்ம பாட்டுல வந்து வலைக்கொம்பு நட்டுக்கினா பாத்துகினு இருப்பாங்களா?"

அந்த இடத்தில் அன்றைக்கு வலை போடும் முறை, அதாவது பாடு, நம்முடையது என்று இவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அவர்களுடையது என்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது. தண்ணீரில் யார் கோடு போட்டார்கள்? ஆனால் அறுத்தது முதலில் இவர்கள். இரண்டு முழு வலை. அந்த வலையைப் பின்னியவளும் என்னைப் போல ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நீ ஏதாவது செய்.

மனோரமா


புதுதில்லி
24.3.1983

அன்பு மனோ,

நேற்று பேசினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீ என்ன நினைப்பாயோ.

கேள்வி நேரம் முடிந்ததும் என் பெயரை அழைத்தார்கள். தமிழில் பேசுவதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் கண்ணாடி அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து நாம் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருவார். மற்றவர்கள் காதுக்கருவியில் கேட்பார்கள். ஐந்து மீனவர்கள், இரண்டு படகுகள், பதினான்கு நாட்கள் என்று தொடங்கினேன்.

"இது மாநில விவகாரம், இங்கே எதற்கு?" என்று ஒருவர் குறுக்கிட்டார்.

"எந்த மாநிலத்தின் விவகாரம்? ஒரே தண்ணீர் இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது. இப்படிப்பட்டதைப் பேசத்தான் மாநிலங்களவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நம்பி வந்தேன்" என்றேன். துணைத்தலைவர்கூடச் சிரித்துவிட்டார். மேலே பேசச் சொன்னார்.

அப்போதுதான் நெல்லூர்ப் பக்கத்து உறுப்பினர் சுப்பராமய்யா எழுந்தார். எழுபது வயது இருக்கும், கனத்த குரல். "இந்த அம்மையார் பாதிக் கதையைச் சொல்கிறார்! எங்கள் ஏழைகளின் வலையை அறுத்தது யார்? முதலில் அதைச் சொல்லச் சொல்லுங்கள்!" என்று கத்தினார். அவர் பக்கத்தில் பத்துப் பேர் எழுந்தார்கள், என் பக்கத்தில் பத்துப் பேர் எழுந்தார்கள்.

நான் வக்கீல். ஆதாரம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எங்கள் பக்கம் மேசையைத் தட்டியிருக்கும், மணி அடித்திருக்கும், முடிந்திருக்கும். ஆனால் உன் கடிதம் என் கோப்புக்குள் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "உறுப்பினர் சொல்வது உண்மை. முதலில் வலையை அறுத்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அந்த ஊரிலிருந்தே எனக்குத் தெரியும். நான் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்க வந்தேன்."

கண்ணாடி அறையில் இருந்தவர் ஒரு விநாடி நிறுத்திவிட்டார். நான் சொன்னதைத் தான் சரியாகக் கேட்டோமா என்று அவருக்குச் சந்தேகம் போலும். ஆனால் சுப்பராமய்யாவுக்குத் தமிழ் தெரியும். மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்னாலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

உன் பெயரை நான் சொல்லவில்லை, மனோ. ஆனால் சொன்ன செய்தி உன்னுடையது. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கேட்க நேரம் இருக்கவில்லை என்று எழுதலாம், அது பாதி உண்மைதான்.

பதில் போடு.

மஸூதா


நடுமேட்டுக்குப்பம்
30.3.1983

மாண்புமிகு ராஜ்ய சபா உறுப்பினர் அவர்களுக்கு,

தாங்கள் பேசியது பேப்பரில் வந்துவிட்டது. பழவேற்காடு கடைத்தெரு டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்களாம். 'தவறு எங்கள் மீனவர்களுடையதே: தமிழகப் பெண் உறுப்பினர் ஒப்புதல்.' மத்தியானத்துக்குள் எங்கள் குப்பம், கோட்டைக்குப்பம், அதற்கு அப்பால் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. உள்ளே இருக்கும் ஐந்து பேருக்கும் தாங்களே தண்டனை எழுதிக் கொடுத்துவிட்டதாக ஊரில் பேச்சு.

அந்த ஊரிலிருந்தே தெரியும் என்று சொன்னீர்கள் அல்லவா? யார் சொன்னது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாசிலாமணியைப் பிடித்தார்கள். ஐஸ் பெட்டிக் கணக்கு எழுதுகிறவன், ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன். போன மாதம் ஒரு கையெழுத்துக்காக இங்கே இருக்கும் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தானாம். அது போதும் அவர்களுக்கு. அவன் குழந்தை மேல் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. ஒத்துக்கொள்ளும்வரை அவனுக்குப் பாடு கிடையாது, ஏரியில் இறங்கக்கூடாது என்று ஊர்ப் பெரியதனம் எல்லப்பன் சொல்லிவிட்டார்.

நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவன் பெண்டாட்டி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். மஸூதா, அவள் என் தோளில் அழுதாள்.

யாரிடமும் சொல்லாதே என்று நான் உனக்கு எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. நான் எழுதியது ராஜ்ய சபாவுக்கு இல்லை, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு.

இனி எனக்கு எழுத வேண்டாம். புத்தகமும் அனுப்ப வேண்டாம்.

மனோரமா


புதுதில்லி
6.4.1983

மனோ,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு முறை எழுதுகிறேன்.

நான் உண்மையைச் சொன்னேன் என்று உன்னிடம் வாதாடப்போவதில்லை. உண்மையைச் சொன்னது நான், அதன் சுமையைச் சுமந்தது மாசிலாமணியும் நீயும். அன்றைக்கு நான் பேசி உட்கார்ந்தபோது, என் கட்சிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆனால் எதிர்வரிசையில் சிலர் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. அந்த நேரத்தில் உன் முகம் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். 'அந்த ஊரிலிருந்தே' என்ற இரண்டு வார்த்தையையாவது விட்டிருப்பேன். எல்லாவற்றையும் விட இதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அவை இன்னும் நடக்கிறது. ஆனாலும் நீ ஒரு வார்த்தை எழுதினால் ரயிலேறி வந்து உங்கள் ஊர்க்கூட்டத்தில் நின்று சொல்கிறேன். மாசிலாமணி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லப்பனுக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். எழுதியது யார் என்று அதில் எழுதவில்லை. அது நீ சொல்லவேண்டியது, அல்லது சொல்லாமலிருக்க வேண்டியது.

இன்னொரு செய்தி. நேற்று தாழ்வாரத்தில் சுப்பராமய்யா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மெட்ராஸில் படித்தவர், தமிழ் நன்றாகவே வருகிறது. "அம்மா, இந்த ஏரிச் சண்டையை நான் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கரையிலும் ஒருவர்கூட ஆமாம் நாங்கள்தான் என்று சொன்னதில்லை. நீங்கள் சொன்னதும் நான் உட்கார்ந்துவிட்டேன்" என்றார். பிறகு, "எங்க ஆளுங்க மட்டும் என்ன? போன ஐப்பசியில உங்க படகு ஒண்ணு கொளுத்தினாங்க. எனக்குத் தெரியும். நான் அவையில் அதைச் சொல்லலை" என்றார்.

இருவரும் சேர்ந்து அமைச்சருக்கு ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மஸூதா


புதுதில்லி
21.4.1983

மனோ,

பதில் வராது என்று தெரிந்தும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்கப் போன என் வீட்டுக்காரருக்கு நீ கதவைத் திறக்கவில்லையாம். ஊரில் கேள்விப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். நீ எனக்கு எழுதிய மறுநாள் கூட்டத்தில் நீயே எழுந்து, எழுதியது நான்தான் என்று சொன்னாயாம். நாற்பது நாள் உன்னோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்திருக்கிறதாம்.

நேற்று அமைச்சர் பதில் சொன்னார். இரண்டு மாவட்டக் கலெக்டர்களும் கலந்து பேசுவார்கள் என்றார். சுப்பராமய்யா துணைக்கேள்வியில் எழுந்தார். எங்கள் பக்கத்தின் தவறும் இதில் உண்டு, போன அக்டோபரில் ஒரு படகு எரிக்கப்பட்டது என்று அவையிலேயே சொல்லிவிட்டார். அவருடைய கட்சிக்காரர்கள் அவரை இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். உட்காரவில்லை. இப்போது அவைக்குறிப்பில் என் வரிக்குப் பக்கத்தில் அவர் வரியும் ஏறிவிட்டது.

இன்று சாயங்காலம் அவர் ஊருக்குப் போகிறார். நான் பேசிய பக்கத்தையும் தான் பேசிய பக்கத்தையும் தெலுங்கில் தன் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டார். வலை அறுபட்டவர்களின் ஊரில் வைத்துப் படிக்கப்போகிறாராம்.

இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

மஸூதா


நடுமேட்டுக்குப்பம்
8.5.1983

மஸூதா,

இந்தக் கடிதத்தில் முதல் பக்கம் சபைக்கு. நீ பேசலாம், யார் எழுதியது என்றும் சொல்லலாம். இரண்டாம் பக்கம் உனக்கு மட்டும். இனிமேல் எப்போதும் இப்படித்தான் பிரித்து எழுதப்போகிறேன்.

சபைக்கு:

ஐந்து பேரும் ஏப்ரல் 29ஆம் தேதி வெளியே வந்துவிட்டார்கள். சுப்பராமய்யா படித்துக்காட்டிய பிறகு தெலுங்கு ஊர்க்காரர்களே கோர்ட்டில் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டு படகும் வந்துவிட்டன. வலைகளை எலி கடிக்காமல் உத்தரத்தில் தொங்கவிட்டு வைத்திருந்தார்களாம்.

மே 3ஆம் தேதி ஏரி நடுவில் மணல் திட்டில் இரண்டு ஊரும் கூடின. நாற்பது படகுக்கு மேல். கலெக்டர் ஆபீஸிலிருந்து இரண்டு பக்கமும் ஆள் வந்திருந்தார்கள். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு திட்டில் ஏறினார்கள். சுப்பராமய்யா குடையோடு வந்தார். இருக்கத்துக்குத் தெற்கே அந்த இடத்தில் ஒரு வாரம் அவர்களுக்குப் பாடு, ஒரு வாரம் எங்களுக்குப் பாடு. வரம்புக்குச் சவுக்குக் கொம்பு நட்டுவிட்டார்கள். அறுத்த இரண்டு வலைக்கும் பதில் நம் ஊர்ப் பெண்கள் இரண்டு வலை பின்னித் தருவது. எரித்த படகுக்கு மரம் அவர்கள் தருவது. இரண்டு தமிழ்க் கைநாட்டு, இரண்டு தெலுங்குக் கைநாட்டு, மற்றவர்கள் கையெழுத்து. ஆபீஸர்கள் எல்லைக்கோடு காட்டும் வரைபடம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அது காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்துவிட்டது, யாரும் எடுக்கவில்லை. இதையும் சபையில் சொல்லலாம்.

உனக்கு மட்டும்:

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாசிலாமணியின் பெண்டாட்டி அழுத மறுநாள் நான் கூட்டத்தில் எழுந்தேன். பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் இல்லை.

"மாசிலாமணி இல்ல. எழுதினது நானு" என்றேன்.

எல்லப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இன்னாத்துக்கும்மே அந்த வேல? உன் வூட்டுக்காரன் உள்ள கீறான்."

"அவ கேட்டா, நான் எழுதினேன். அவளுக்குப் பொய் எழுத எனக்கு வரல."

கட்டுப்பாடு வைத்தார்கள். ஒரு மாதம் யாரும் பேசவில்லை. சங்கத்துப் பெண்கள் மட்டும் கூடையை என் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு, என்னோடு பேசாமல் கூடையோடு பேசுவார்கள். "கூடையே, இன்னிக்கு மடவை மீனு நல்லாக் கீது, அனுப்பம்பட்டு சந்தைக்குப் போலாமா?" என்பார்கள். நானும் கூடைக்குப் பதில் சொல்வேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உன்மேல் இருந்த கோபம் எந்த நாளில் போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் உன் கடைசி மூன்று கடிதத்தையும் சேர்த்துப் படித்தேன். மேசை தட்டும் சத்தம் இனித்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் போயிருக்கும். அதை வேறு யாரும் ஒத்துக்கொண்டு எழுதமாட்டார்கள்.

தெலுங்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் திட்டில் எல்லப்பனிடம், "மீ ஊரு அம்மாயி, உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி நிஜம் எழுதினதாம், அவங்க எங்க?" என்று கேட்டார். கட்டுப்பாடு முடிய இன்னும் சில நாள் இருந்தது. எல்லப்பன் கையை மட்டும் நீட்டி என்னைக் காட்டினார். பெரியவர் என்னைக் கும்பிட்டார். ஊருக்கு வந்ததும் எல்லப்பன் வாசலில் நின்று, "மனோரமா, மோர் இருந்தா குடும்மே" என்றார். அவ்வளவுதான், கட்டுப்பாடு போயிற்று. மாசிலாமணி, நான் கூட்டத்தில் சொன்ன மறுநாளே ஏரியில் இறங்கிவிட்டான். முதல் பிடியில் ஒரு கூடை நண்டு கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரர்தான் பாக்கி. எழுதியது நான்தான் என்று உள்ளே இருக்கும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து சாப்பிடுவார், வலை பிரிப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். திட்டுக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், அப்போதும் என் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுதியது தப்பு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

நேற்று நீ அனுப்பிய அவைக்குறிப்பு வந்தது. அனுப்பாதே என்றும் அனுப்பியிருக்கிறாய். நான் நடுவாசலில் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் கொம்பு சீவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"படி" என்றார்.

அத்தனை நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இங்கிலீஷில் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்து, எனக்குத் தெரிந்த அளவு தமிழில் சொன்னேன். ஐந்து மீனவர்கள், இரண்டு படகுகள், பதினான்கு நாட்கள். ஒரே தண்ணீர் என்று நீ சொன்ன இடத்தில் தலையை ஆட்டினார். நெல்லூர்க்காரர் கத்திய இடத்தில் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு அந்த வரி வந்தது. முதலில் வலையை அறுத்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். நான் நிறுத்தவில்லை, முழுவதும் சொன்னேன். வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நீ கேட்டதையும் சொன்னேன்.

அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்து, அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"டில்லியில போயி நம்ம சங்கதி இவ்ளோ பேசிக்கீது. எல்லாம் சரி. திருவேங்கடம்னு நம்ம பேரு இன்னாத்துக்குப் போடல?" என்றார்.

உன்
மனோ